வலையோரத்து மனிதர்

2021 ஜூலை மாதம் டோக்கியோவின் முசாஷினோ அரங்கில் பார்வையாளர் வரிசைகள் வெறுமையாகக் கிடந்தன. கொரோனாவால் ஓராண்டு தள்ளிப்போன ஒலிம்பிக் அது. ஆண்கள் இரட்டையர் பட்மின்டனில் ‘டி’ பிரிவு ஆட்டமொன்று. வலைக்கு இந்தப் பக்கம் இரண்டு கனடியர்கள்: மார்க்கத்தைச் சேர்ந்த ஜேசன் ஹோ-ஷூ, பிக்கரிங்கைச் சேர்ந்த நைல் யாகுரா. அந்தப் பக்கம் இந்தோனேசியாவின் முகமது அஹ்சானும் ஹென்ட்ரா செத்தியவானும். ஹோ-ஷூவுக்கு வயது 22, யாகுராவுக்கு 28. செத்தியவானுக்கு 37 முடிய ஒரு மாதம்தான் இருந்தது. இந்தோனேசியர்கள் இரண்டே செட்டில் ஆட்டத்தை முடித்துவிட்டார்கள். அந்த முடிவில் யாருக்கும் வியப்பில்லை. கனடா அனுப்பியது அமெரிக்கக் கண்டத்தின் மிகச் சிறந்த ஜோடிகளில் ஒன்றை. எதிரே நின்றது மூன்று முறை உலகப் பட்டம் வென்ற ஜோடி. கண் இமைக்கும் நேரத்தில் முடிவெடுக்க வேண்டிய ஒரு விளையாட்டில், ஒற்றையர் வீரர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்றுப் பயிற்சியாளராகிவிடும் வயதில், ஒருவர் ஒலிம்பிக்கில் இளைஞர்களை ஓடவிட்டுக்கொண்டு நிற்கிறார் என்பதுதான் நாம் நின்று பார்க்க வேண்டிய விஷயம். அந்தத் தொடரில் அவரும் அஹ்சானும் அரையிறுதி வரை போய், நான்காம் இடத்தில் முடித்தார்கள்.

இது எப்படி முடிந்தது என்ற கேள்விக்கு வழக்கமாக வரும் விடைகள் இரண்டு: ஒன்று ‘அசாத்தியத் திறமை’, மற்றது ‘கடும் உழைப்பு’. இரண்டும் பொய்யில்லை. ஆனால் அவை எந்த விளையாட்டு வீரருக்கும் பொருந்தும் என்பதால் எதையும் விளக்குவதில்லை. செத்தியவானின் இருபதாண்டு வாழ்க்கையை வரிசையாக வைத்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது வேறு. இரட்டையர் பட்மின்டன் என்பது ஒற்றையர் ஆட்டத்தின் பாதி உழைப்பில் ஆடும் எளிய வடிவம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது தனியொரு தொழில். அதற்கென்று வேறு கண், வேறு கை, வேறு குணம் வேண்டும். அந்தத் தொழிலில் வேகத்தைவிடக் கணிப்பு நீண்டநாள் உழைக்கும். செத்தியவான் அதற்குக் கிடைத்திருக்கும் மிகத் தெளிவான சான்று. பிள்ளைகளைச் சனி ஞாயிறுகளில் பயிற்சிக்கு ஏற்றி இறக்கும், ஒன்ராறியோவின் பிக்கரிங், ஏஜக்ஸ், ஸ்காபரோத் தமிழ்ப் பெற்றோர் பலர் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை என்பதால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் களத்தைப் பார்ப்போம். ஒற்றையர் களத்தின் அகலம் 5.18 மீற்றர், இரட்டையருக்கு 6.1 மீற்றர். ஆள் இருமடங்கு, அகலம் மூன்றடி மட்டுமே கூடுதல். ஆகவே இரட்டையரில் ஆளில்லாத இடம் என்று ஒன்று இயல்பாக இருப்பதில்லை. அதை உண்டாக்க வேண்டும். எதிராளிகள் இருவரில் யார் எடுப்பது என்ற தயக்கத்தை உண்டாக்குவது ஒரு வழி. மேலிருந்து அடிக்க முடியாதபடி அவர்களைக் கீழிருந்து தூக்கி அடிக்க வைப்பது இன்னொரு வழி. தாக்கும்போது ஒருவர் வலையோரமும் ஒருவர் பின்னாலுமாக நிற்பார்கள்; தடுக்கும்போது பக்கத்துப் பக்கத்தில் நிற்பார்கள். இந்த இரண்டு நிலைகளுக்கும் இடையில் பேச்சில்லாமல் மாறிக்கொண்டே இருப்பதுதான் ஆட்டம். சேர்வ் போடுவதும் இங்கே வேறு. ஒற்றையரில் பின்கோடு வரை உயரத் தூக்கிப் போடலாம்; இரட்டையரில் சேர்வுக்கான பின்கோடு 76 சென்ரிமீற்றர் முன்னே வந்துவிடும் என்பதால் உயரத் தூக்கினால் ஸ்மாஷ் நிச்சயம். எனவே பந்தை வலையின் விளிம்பை உரசுவதுபோல் தாழ்வாகத் தள்ள வேண்டும். 2018 முதல், தரையிலிருந்து 1.15 மீற்றருக்குக் கீழேதான் மட்டை பந்தைத் தொட வேண்டும் என்பது விதி. வலையின் நடுப்பகுதி உயரம் 1.52 மீற்றர். கீழிருந்து மேலேறும் பந்து வலையைத் தாண்டியதும் உடனே தாழ வேண்டும். உலகத் தர ஆட்டங்களில் ஒரு புள்ளி பெரும்பாலும் சேர்வ், அதற்கான பதில், மூன்றாவது அடி என்ற முதல் மூன்று தொடுகைகளுக்குள் தீர்மானமாகிவிடும். மீதி நடப்பதெல்லாம் அந்தத் தீர்மானத்தை நிறைவேற்றுவதுதான்.

மத்திய ஜாவாவின் வடகரையில் பெமலாங் என்ற சிறுநகரில் 1984 ஆகஸ்ட் 25இல் பிறந்தவர் செத்தியவான். ஜகார்த்தாவின் ஜெயா ராயா கழகத்தில் வளர்ந்தார். அங்கே கிடைத்த துணை மார்கிஸ் கிடோ. அவரும் 1984 ஆகஸ்ட்டில் பிறந்தவர். குட்டையான, கட்டுமஸ்தான, துள்ளி எழுந்து அடிக்கும் ஆள். 2005இல் ஹைதராபாத்தில் நடந்த ஆசியப் போட்டியில் இருவரும் பட்டம் வென்றார்கள். அடுத்த ஆண்டே பட்மின்டனின் புள்ளிமுறை தலைகீழானது. 15 புள்ளி முறை போய் 21 புள்ளி முறை வந்தது; சேர்வ் போட்டவர் மட்டுமே புள்ளி பெறலாம் என்றிருந்தது மாறி, ஒவ்வொரு ஆட்டத்துண்டுக்கும் புள்ளி வந்தது; இரட்டையரில் ஒரு பக்கத்துக்கு இருந்த இரண்டாவது சேர்வ் போய்விட்டது. பழைய முறையில் ஊறிய பலர் தடுமாறிய அந்தக் காலத்தில், 2007இல் கோலாலம்பூரில் இவர்கள் உலக வாகையர் ஆனார்கள். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் இறுதியில் எதிரே சீனாவின் சாய் யுன், ஃபூ ஹைஃபெங். அரங்கு முழுவதும் அவர்கள் பக்கம். முதல் செட் 12–21 என்று போனது. பிறகு 21–11, 21–16. சேர்வையும் அதற்கான பதிலையும் செத்தியவான் வலையோரம் பிடித்துவைத்துக்கொள்ள, ஃபூவின் பேர்பெற்ற ஸ்மாஷுக்கு வேண்டிய உயரமான பந்து கிடைப்பதே அரிதாகிப் போனது. அடித்து முடித்தவர் கிடோ. அடிக்கத் தக்க பந்தை வரவழைத்தவர் செத்தியவான்.

2010 குவாங்சோ ஆசிய விளையாட்டு இறுதி இன்னும் நெருக்கமானது. மலேசியாவின் கூ கியன் கியட், டான் பூன் ஹியோங் ஜோடிக்கு எதிராக 16–21, 26–24, 21–19. இரண்டாவது செட்டில் தோல்வியின் விளிம்புவரை போய் மீண்ட ஆட்டம். அதற்குப் பிறகு சரிவு. 2012 இலண்டன் ஒலிம்பிக்குக்குத் தகுதி கிடைக்கவில்லை, ஜோடி கலைந்தது. பெரும்பாலான இரட்டையர் வீரர்களின் கதை இங்கே முடிந்துவிடும். ஒரு துணையோடு பத்தாண்டு ஆடி உருவான பழக்கங்களை 28 வயதில் அழித்து எழுதுவது எளிதில்லை. செத்தியவான் பாலெம்பாங்கைச் சேர்ந்த, மூன்று வயது இளைய அஹ்சானோடு சேர்ந்தார். 2013இல் குவாங்சோவில் உலகப் பட்டம். 2014இல் ஆல் இங்கிலாந்துப் பட்டம், இஞ்சியோன் ஆசிய விளையாட்டுத் தங்கம். 2015இல் சொந்த நாட்டு மக்கள் முன்னால் ஜகார்த்தாவில் மறுபடி உலகப் பட்டம்.

இந்த ஏற்றத்தை மட்டும் சொல்லி நிறுத்துவது நேர்மையாகாது. 2016 ரியோவில் தங்கம் வெல்வார்கள் என்று எதிர்பார்க்கப்பட்ட இந்த ஜோடி பிரிவு ஆட்டங்களையே தாண்டவில்லை. மறுபடி பிரிவு. செத்தியவான் தேசியப் பயிற்சி முகாமைவிட்டு வெளியேறி, ஆறாண்டுக்கு முன் குவாங்சோவில் எதிரே நின்ற அதே டான் பூன் ஹியோங்கைத் துணையாக்கிக்கொண்டார். நாடும் வேறு, கொடியும் வேறு. 2017 ஆஸ்திரேலியா ஓப்பன் இறுதிவரை போனார்கள். அதற்கு மேல் ஒட்டவில்லை. அஹ்சானோ ரியான் ஆகுங் சபுத்ரோவோடு ஆடி அதே ஆண்டு கிளாஸ்கோவில் உலக வெள்ளி வென்றார். 2018இல் அஹ்சானும் செத்தியவானும் திரும்பவும் சேர்ந்தபோது அதைப் பலரும் வழியனுப்பு விழாவாகவே பார்த்தார்கள். ‘டாடீஸ்’ என்று இரசிகர்கள் பெயர் வைத்தது அன்பில்தான். ஆனாலும் ‘அப்பாமார்’ என்று ஒரு விளையாட்டு ஜோடியைக் கூப்பிடுவதில், ‘உங்கள் காலம் போய்விட்டது’ என்ற தொனியும் ஒளிந்திருக்கிறது அல்லவா.

2019 மார்ச், பர்மிங்ஹாம். ஆல் இங்கிலாந்து அரையிறுதியில் செத்தியவானின் கெண்டைக்கால் தசை பிடித்துக்கொண்டது. மறுநாள் இறுதியில் எதிரே மலேசியாவின் ஆரோன் சியா, சோ வூய் யிக். இருவருக்கும் இருபத்தொன்று, இருபத்திரண்டு வயது. முதல் செட் 11–21. நொண்டும் காலோடு ஒரு 34 வயதுக்காரர் இழுத்து இழுத்து நடக்கிறார் என்றுதான் அதைப் பார்த்தவர்களுக்குத் தோன்றியிருக்கும். அடுத்த இரண்டு செட்களை 21–14, 21–12 என்று முடித்தார்கள். அந்த ஆட்டத்தின் பதிவைப் பார்ப்பவர்கள் அவர் கால்களைக் கவனிக்க வேண்டும். அவர் ஓடவில்லை. பந்து வரும் இடத்தில் ஏற்கனவே நின்றார். மலேசியர்கள் எங்கே அடிக்கக் கூடும் என்பதை, முந்தைய அடியிலேயே அவர்களுக்கு ஒரே ஒரு வழியை மட்டும் விட்டுவைத்து, அவரே முடிவு செய்துவிடுகிறார். மட்டையை நெஞ்சுயரத்தில் பிடித்து, மணிக்கட்டை இலேசாகத் திருப்பி, வேகமாக வரும் பந்தின் வேகத்தைச் செத்துப்போகச் செய்து, வலைக்கு அப்பால் பொத்தென்று விழவைக்கிறார். அடி என்று சொல்லக்கூட அதில் ஒன்றுமில்லை; தொடுகைதான். அதே ஆண்டு ஆகஸ்ட் 25இல் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் ஜப்பானின் ஹோக்கி, கோபயாஷி ஜோடியை 25–23, 9–21, 21–15 என்று வென்று நான்காவது உலகப் பட்டத்தை எடுத்தார். அன்று அவருக்குச் சரியாக 35ஆவது பிறந்தநாள். முதல் பட்டத்துக்கும் இதற்கும் இடையில் பன்னிரண்டு ஆண்டு.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். கிடோவும் அஹ்சானும் பின்னாலிருந்து துள்ளி அடித்துக் கொடுத்த புள்ளிகளில் இவர் குளிர்காய்ந்தார் என்று ஏன் சொல்லக் கூடாது? அதற்கு ஆதாரமும் உண்டு. கிடோ 2013இல் இளம் மார்கஸ் கிடியோனோடு சேர்ந்து பிரெஞ்சு ஓப்பனை வென்றார். அஹ்சான் இவர் இல்லாமலே உலக வெள்ளி வென்றதை மேலே பார்த்தோம். செத்தியவான் அவர்கள் இருவரும் இல்லாமல் ஆடியபோது பெரிய பட்டமொன்றும் கிடைக்கவில்லை. இந்தக் கணக்கை நான் ஒளிக்க விரும்பவில்லை. ஆனால் அது நிரூபிப்பது என்ன? செத்தியவான் தனியாக ஒரு மந்திரவாதி இல்லை என்பதைத்தான். அவர் அப்படி இருந்தார் என்று நான் சொல்லவுமில்லை. ஒற்றையர் வீரரின் தரத்தை அவரோடு நிறுத்தி அளக்கலாம். இரட்டையர் வீரரின் தரம் இன்னொருவரிடம் என்ன விளைகிறது என்பதில்தான் தெரியும். சாய் யுன், ஃபூ ஹைஃபெங்குக்கும் நான்கு உலகப் பட்டங்கள் உண்டு. நான்கும் ஒரே கூட்டில் வந்தவை. செத்தியவானுக்கு ஒன்று கிடோவோடு, மூன்று அஹ்சானோடு. இருவேறு ஆட்கள், இருவேறு உடல்வாகு, இருவேறு தலைமுறை. இரண்டு தடவையும் பின்னால் நின்றவர் தன் வாழ்வின் மிக உயர்ந்த ஆட்டத்தை இவர் முன்னால் நின்றபோதுதான் ஆடினார்.

இதே விஷயத்தை இன்னும் கூர்மையாகக் காட்டுபவர் மற்றொரு இந்தோனேசியர், டோனி குனவான். 2000 சிட்னி ஒலிம்பிக் தங்கம் சந்திரா விஜயாவோடு. 2001 உலகப் பட்டம் ஹலிம் ஹரியாந்தோவோடு. பிறகு அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். 2005இல் கலிபோர்னியாவின் அனஹைமில் நடந்த உலகப் போட்டியில் ஹவர்ட் பாக் என்ற அமெரிக்க வீரரோடு ஆடி, இறுதியில் தன் பழைய துணை விஜயாவையும் சிகிட் புடியார்த்தோவையும் தோற்கடித்தார். பட்மின்டனில் அமெரிக்காவுக்குக் கிடைத்த ஒரே உலகத் தங்கம் அது. பாக் திறமையான வீரர்தான். ஆனால் குனவான் பக்கத்தில் வந்து நிற்கும் வரை உலகப் பட்டத்துக்கு அருகில் அவர் பெயரை யாரும் வைத்துப் பேசியதில்லை. மூன்று துணைகளோடு உலகின் உச்சியைத் தொட்ட ஒருவரை வைத்துப் பார்க்கும்போது, துணையின் தோளில் சவாரி என்ற வாதம் நிற்காது. வட அமெரிக்க மண்ணில் நடந்த கதை என்பதால் நமக்கு அது இன்னும் பொருத்தமானது.

அடுத்த மறுப்பு வேகத்தைப் பற்றியது. இன்றைய ஆட்டம் செத்தியவானின் காலத்து ஆட்டம் இல்லை என்பார்கள். ஆந்திராவின் அமலாபுரத்தைச் சேர்ந்த சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி 2023இல் ஜப்பானில் நடந்த சோதனையில் மணிக்கு 565 கிலோமீற்றர் வேகத்தில் ஸ்மாஷ் அடித்துக் கின்னஸ் புத்தகத்தில் ஏறினார். ‘மினியன்ஸ்’ எனப்பட்ட கிடியோன், கெவின் சுகமுல்ஜோ ஜோடி, மின்னல் வேகத்தில் ஆடி, செத்தியவான் ஜோடியைத் தோற்கடித்த தடவைகள் அவர்களிடம் தோற்ற தடவைகளைவிட மிக அதிகம். டோக்கியோ அரையிறுதியில் ‘அப்பாமாரை’ வீழ்த்திய தாய்வானின் லீ யாங், வாங் சி-லின் ஜோடியும் முரட்டு வேகத்துக்குப் பேர்போனவர்கள்தான். அந்த ஒலிம்பிக்கிலும் அடுத்த பாரிஸ் ஒலிம்பிக்கிலும் தங்கம் அவர்களுக்கே. இது உண்மை. வேகம் வெல்லாது என்று சொன்னால் அது பிதற்றல். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஐந்து கிராம் எடையுள்ள, பதினாறு இறகு கட்டிய ஷட்டில், மட்டையைவிட்டுக் கிளம்பிய நொடியிலிருந்து காற்றில் வேகம் இழந்துகொண்டே போகும். 565 என்பது மட்டையை விட்ட கணத்தின் கணக்கு; எதிராளியின் மட்டைக்கு வரும்போது அதில் சிறு பங்குதான் மிஞ்சும். வலையிலிருந்து எவ்வளவு தள்ளி நின்று, எவ்வளவு தாழ்வான பந்தை அடிக்க வேண்டியிருந்தது என்பதைப் பொறுத்தே ஸ்மாஷின் மதிப்பு. அதைத் தீர்மானிப்பது வலையோரம் நிற்பவர். மினியன்ஸுக்கு எத்தனையோ பட்டங்கள் கிடைத்தும் உலகப் பட்டமோ ஒலிம்பிக் பதக்கமோ கிடைக்கவில்லை. அவர்கள் முன்கூட்டியே வெளியேறிய 2019 பாசலில்தான் வயதான ஜோடி பட்டத்தை வென்றது. இதைவைத்து வேகம் தோற்றது என்று அறிவிக்க மாட்டேன். வேகத்துக்கு ஒரு நல்ல நாள் வேண்டும். கணிப்பு கால் நொண்டும் நாளிலும் வேலை செய்கிறது.

மூன்றாவது மறுப்புக்கு நான் பெருமளவு தலைவணங்குகிறேன். இந்தோனேசியாவில் இது நாட்டுப் பண்பாடு. ஜெயா ராயா, ஜாரும் போன்ற கழகங்கள் சிறுபிள்ளைகளைத் தத்தெடுத்து வளர்க்கின்றன. சிபாயுங் தேசிய முகாமில் உலகின் முதல் பத்து ஜோடிகளில் மூன்று நான்கு ஒரே கூரைக்குக் கீழ் தினமும் மோதிக்கொண்ட காலமும் உண்டு. பிக்கரிங்கில் அதெல்லாம் எங்கே? பனிக்காலம், வாடகை மண்டபம், வாரத்துக்கு இரண்டு நாள். சரிதான். ஆனால் இந்தோனேசியா எதைத் தேர்ந்தெடுத்தது என்பதையும் பார்க்க வேண்டும். பட்மின்டன் ஒலிம்பிக்கில் சேர்ந்த 1992 முதல் டோக்கியோ வரை அந்த நாடு வென்ற எட்டுத் தங்கங்களில் ஐந்து இரட்டையரில் வந்தவை. சீனா, கொரியா, டென்மார்க் என்று எல்லாரோடும் ஒற்றையரில் முட்டிக்கொண்டிருந்த காலத்திலும், இரட்டையருக்கெனத் தனிப் பயிற்சியாளர், தனி அணி, தனி மரபு என்று அவர்கள் வளர்த்தார்கள். ‘நீ முன்வரிசை, நீ பின்வரிசை’ என்று பிரித்து வளர்த்தார்கள். ஒற்றையரில் தேறாதவர்களை ஒதுக்கும் கொட்டிலாக இரட்டையரை அவர்கள் ஒருபோதும் வைத்ததில்லை.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். செத்தியவான் சீன வம்சாவளிக் கிறிஸ்தவர். கிடோவும் அஹ்சானும் முஸ்லிம்கள். 1998 மே மாதம் ஜகார்த்தாவில் சீன வம்சாவளியினரின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. அதே மாதம் ஹொங்கொங்கில் இந்தோனேசிய அணி, சீன வம்சாவளி வீரர்களையும் கொண்ட அணி, ஆண்கள் அணிகளுக்கான தோமஸ் கிண்ணத்தை வென்றது. செத்தியவானுக்கு அப்போது பதின்மூன்று வயது. இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த 1983 கலவரத்தை வீட்டில் பேசக் கேட்டு வளர்ந்த பிக்கரிங் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு செய்திகளும் ஒரே மாதத்தில் வருவதன் கனம் விளங்கும்.

நம்மூருக்கு வருவோம். பிக்கரிங்கின் எந்தச் சமூக நிலையத்திலும் பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபத்திலும் மாலை வேளையில் எட்டிப்பாருங்கள். கூடைப்பந்துக் கோடுகளுக்கும் கைப்பந்துக் கோடுகளுக்கும் நடுவே மெல்லிய பட்மின்டன் கோடுகள். உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தும் கம்பங்கள். சுவரோரம் தங்கள் முறைக்குக் காத்திருக்கும் எட்டுப் பத்துப் பேர். ஆள் அதிகம், களம் குறைவு. ஆகவே அங்கே நடப்பதெல்லாம் இரட்டையர்தான். ஆனால் யாரும் அதைக் கற்றுக்கொண்டு ஆடுவதில்லை. நான்கு பேர் நின்று ஆளுக்கொரு பாதியை வைத்துக்கொண்டு ஒற்றையர் ஆடுகிறார்கள். நடுவில் விழும் பந்துக்கு இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். அதே பெற்றோர் பணம் கட்டித் தனிப்பயிற்சிக்கு அனுப்பும்போது கேட்பது ஒற்றையர். காரணம் புரியாமலில்லை. பிள்ளையின் பெயர் தனியாகப் பட்டியலில் வரும். வெற்றி தோல்விக்கு வேறொருவர் வீட்டுப் பிள்ளையைச் சார்ந்திருக்க வேண்டாம். துணையின் பெற்றோரோடு மனக்கசப்பு வராது. பணக் கணக்கும் அந்தப் பக்கம்தான் சாய்கிறது. உலகச் சுற்றுப்போட்டிகளில் மொத்தப் பரிசில் ஒற்றையர் வெற்றியாளருக்கு 7 சதவீதம். இரட்டையர் ஜோடிக்கு 7.4 சதவீதம், அதையும் இருவர் பிரிக்க வேண்டும். 12,50,000 டொலர் பரிசுத்தொகை கொண்ட 2023 இந்தோனேசியா ஓப்பனில் ஒற்றையர் வெற்றியாளர் 87,500 டொலரோடு வீடு போனார். இரட்டையர் வெற்றியாளர் ஒருவருக்கு 46,250. இது அநியாயம் என்றே நினைக்கிறேன். ஆனால் உலகப் பட்டியலில் முதல் முப்பதுக்குள் வரக்கூடிய பிள்ளைக்குத்தான் இந்தக் கணக்கு பொருந்தும். மற்றவர்களுக்குப் பொருந்தும் கணக்கு வேறு: ஒலிம்பிக்கிலும் சரி, ஒன்ராறியோ உயர்நிலைப் பள்ளிப் போட்டியிலும் சரி, ஐந்து பிரிவுகளில் மூன்று இரட்டையர்.

தமிழருக்கு இது புதிய புத்தியும் இல்லை. பூப்பந்து என்று ஊரில் ஒரு விளையாட்டு உண்டு. இறகுக்குப் பதில் மஞ்சள் கம்பளிப் பந்து. தஞ்சாவூர் அரச குடும்பத்தில் தொடங்கியதாகச் சொல்வார்கள். அதன் முதன்மை வடிவம் பக்கத்துக்கு ஐந்து பேர். யார் முன்னால், யார் ஓரத்தில், யார் பின்னால் என்று இடம் பிரித்து நின்று ஆடும் விளையாட்டு அது. முன்னால் நிற்கும் ஆளுக்கென்று ஒரு தனித் திறமை உண்டு என்பதை ஊர் மைதானங்கள் அறிந்தே இருந்தன. புலம்பெயர்ந்து வந்தபோது சொல் மட்டும் கூட வந்தது. பலர் பட்மின்டனையே பூப்பந்து என்கிறோம்.

இந்தியா பாடம் கற்ற விதமும் கவனிக்கத் தக்கது. பிரகாஷ் பதுகோன் தொடங்கி சாய்னா, சிந்து வரை அந்த நாட்டின் பட்மின்டன் ஒற்றையரின் வரலாறாகவே இருந்தது. ஜுவாலா கட்டா, அஸ்வினி பொன்னப்பா ஜோடி 2011இல் உலக வெண்கலம் வென்றது ஒரு விலக்கு. பிறகு வெளிநாட்டு இரட்டையர் பயிற்சியாளர்களைக் கொண்டுவந்தார்கள். மலேசியாவின் டான் கிம் ஹெர், 2004 ஏதென்ஸில் இரட்டையர் வெண்கலம் வென்ற இந்தோனேசியாவின் ஃபிளாண்டி லிம்பேலே ஆகியோர் அவர்களில் இருவர். சாத்விக்கும் சிராக் ஷெட்டியும் முதலில் இரண்டு பின்வரிசை அடிகாரர்கள். இருவருமே உயரம், இருவருமே ஸ்மாஷ் அடிக்க ஆசைப்பட்டவர்கள். வலையோரம் நிற்கும் பொறுப்பைச் சிராக் ஏற்றுக்கொண்ட பிறகுதான் அவர்களின் ஆட்டம் உருப்பெற்றது. 2022 மே மாதம் பாங்கொக்கில் இந்தியா இந்தோனேசியாவையே 3–0 என்று வென்று தோமஸ் கிண்ணத்தைத் தூக்கியதிலும், 2023இல் இந்தோனேசியா ஓப்பனையும் ஆசிய விளையாட்டுத் தங்கத்தையும் வென்றதிலும் அந்த ஜோடிக்குப் பங்குண்டு. 565 கிலோமீற்றர் கையிருந்தும், அதற்குப் பந்து எடுத்துத் தர ஒரு வலையோரத்து ஆள் தேவைப்பட்டது.

கிடோ 2021 ஜூன் 14இல் ஜகார்த்தாவுக்கு அருகே தங்கெராங்கில் பட்மின்டன் ஆடிக்கொண்டிருக்கும்போதே சரிந்து இறந்துபோனார்; வயது 36. அடுத்த மாதம்தான் செத்தியவான் டோக்கியோவில் கனடியர்களுக்கு எதிரே நின்றார். அதே ஆண்டு அக்டோபரில் அவரைத் தலைவராகக் கொண்ட அணி, 2002க்குப் பின் முதல் முறையாகத் தோமஸ் கிண்ணத்தை இந்தோனேசியாவுக்கு மீட்டது. 2022இல் மறுபடி உலக இறுதி. 2022, 2023 இரண்டிலும் ஆல் இங்கிலாந்து இறுதி. மூன்றிலும் தோல்விதான், மூன்றிலும் எதிரே நின்றவர்கள் அவரைவிடப் பல ஆண்டு இளையவர்கள். 2024 டிசம்பரில் ஓய்வை அறிவித்து, 2025 ஜனவரியில் ஜகார்த்தாவின் இஸ்தோரா அரங்கில் அஹ்சானோடு சேர்ந்தே விடைபெற்றார். வயது நாற்பது.

பிக்கரிங்கின் யாகுரா 2019 லிமா பான் அமெரிக்க விளையாட்டில் இரண்டு வெள்ளிகள் வென்றார்: ஹோ-ஷூவோடு ஒன்று, கலப்பு இரட்டையரில் கிறிஸ்டன் சாயோடு ஒன்று. 2024இல் ஆடம் டோங்கோடு பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போனார். ஒவ்வொரு தடவையும் வேறொரு துணை. பதக்கப் பட்டியலில் அவர் பெயர் செத்தியவானுக்கு அருகில் வராது. ஆனால் செய்த தொழில் அதே தொழில். வசதியில்லை என்ற மறுப்புக்கு என்னிடம் மிச்சமிருக்கும் பதில் ஒன்றுதான். நம் வீடுகளின் பேஸ்மென்டில் ஸ்மாஷ் அடிக்க முடியாது. கூரை ஏழெட்டு அடிதான், மின்விளக்கு உடையும். ஆனால் இரட்டையர் சேர்வுக்கு அந்த உயரம் தாராளம். ஐந்தடி உயரத்தில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு ஒரு கயிறு. கயிற்றிலிருந்து ஆறரை அடி தள்ளி ஒரு டேப் கோடு, மறுபக்கம் அதே தூரத்தில் இன்னொன்று. ஒரு குழாய் பழைய ஷட்டில். துணை ஆள் வேண்டாம், மண்டப வாடகை வேண்டாம். இடுப்புக்குச் சற்று மேலே பிடித்து, கட்டைவிரலால் தள்ளி, கயிற்றை உரசிக்கொண்டு அந்தக் கோட்டில் விழவைக்க வேண்டும். நவம்பர் தொடங்கி மார்ச் வரை, வெளியில் பனி கொட்டும் நாளெல்லாம், சாப்பாட்டுக்கு முன் ஐம்பது.